தேவையில்லாத ஃபைல்

இல்லங்க, அந்த ஸ்விட்ச்ச மட்டும் தொடாதீங்க. மத்தது எதை வேணா தொடுங்க. ஃபேன் போடுங்க, லைட் போடுங்க, அந்த எலும்புக்கூட்டு மாடலோட தோள்ல உங்க பையக்கூட மாட்டிக்குங்க, இங்க வர்றவங்க எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க. இந்தச் செவத்து ஸ்விட்ச் மட்டும் வேணாம். செகப்பு டேப் ஒட்டியிருக்கேன் பாருங்க, "தொடாதே"ன்னு. நான்தான் எழுதுனேன். ஸ்கேல் வெச்சு எழுதுனது, ஒரு எழுத்து கோணியிருக்காது. ஏன் தொடக்கூடாதா? அதைச் சொல்றதுக்குத்தானே அக்கா என்னை லீவு போட வெச்சு உங்க பக்கத்துல உக்கார வெச்சிருக்கா. "புதுசா வந்தவங்களுக்கு உன் புரோகிராமை நீயே சொல்லிக் குடுத்துட்டுப் போ"ன்னா. உன் புரோகிராமாம். நல்லா ஓடுன வரைக்கும் "எங்க கிளினிக் புரோகிராம்", கவுந்த நாள்லேர்ந்து "உன் புரோகிராம்". பத்து மணிக்குத்தான் மொத பேஷன்ட் வருவாங்க, ஒரு மணி நேரம் இருக்கு, சாவகாசமா சொல்றேன்.

நான் இங்க வேலை பாக்கறவன் இல்லங்க. டாக்டரம்மாவோட தம்பி, அவ்வளவுதான். எல்லாரும் அக்காவை டாக்டரம்மான்னுதான் கூப்பிடுவாங்க, பிசியோதெரபிஸ்டுன்னு வாயில நுழையாததால. எனக்கு வேலை வேற எடத்துல. லிஃப்ட்டுக்குள்ள ஒரு சின்னக் கம்ப்யூட்டர் இருக்கும், தெரியுமா? அதுக்குப் புரோகிராம் எழுதறேன். எந்த மாடில நின்னுது, கதவு எத்தனை தடவை தொறந்துது, எதனால மாட்டிக்கிச்சு, எல்லாம் அதுக்குள்ளயே ஒரு ஃபைல்ல போய் உக்காரும். பன்னெண்டு வருஷமா இதே வேலை. என்னால ஒரு லிஃப்ட்டு நின்னதில்ல. நின்னிருக்கு... என்னால இல்ல. அப்படிப்பட்டவன் எட்டு வாரம், சனி ஞாயிறு பாக்காம உக்காந்து அக்காவுக்கு இதை எழுதிக் குடுத்தேன். அக்கா வீட்டுக்காரர், எங்க மாமா, அன்னைக்கே சொன்னார், "டேய், உங்கக்காவுக்கு வேலை செஞ்சு குடுத்தா குறை மட்டும்தான்டா மிஞ்சும்"னு. அவருக்கு அனுபவம். இந்த ஷெல்ஃப் அவர் அடிச்சதுதான், கொஞ்சம் சாயும், அதைப்பத்தி அக்கா இன்னும் பேசிக்கிட்டிருக்கா.

எதுக்கு எழுதிக் குடுத்தேன்னா, பாக்கச் சகிக்கலைங்க. எனக்கு அலங்கோலம் ஆகாது. இந்த மேஜை அன்னைக்கு இருந்த இருப்பை நீங்க பாத்திருக்கணும். அக்கா உள்ள திரைக்குப் பின்னாடி முட்டியையும் தோளையும் மடக்கி மடக்கி அளந்து டிகிரியைச் சத்தமாச் சொல்லுவா, "முட்டி எழுவது"ன்னு. இங்க உக்காந்திருந்தவங்க அதை ஒரு துண்டுச் சீட்டுல எழுதுவாங்க. ஆளுக்கு ஒரு கட்டு. கட்டுக்கு ஒரு ரப்பர்பேண்டு. டிராயர் டிராயரா ரப்பர்பேண்டு. பதினோரு வருஷம் இந்த நாற்காலில உக்காந்திருந்தாங்க அவங்க, பதினோரு வருஷமும் ரப்பர்பேண்டு. நான் அவங்களுக்கு வெச்ச பேரே அதுதான். மனசுக்குள்ளதான்... சரி, ஒரு தடவை நேராவே கூப்பிட்டுட்டேன். சிரிச்சாங்க. சிரிச்சாங்களா, இல்ல பல்லைக் கடிச்சாங்களான்னு இப்பத் தோணுது.

இதோ, இதுதான் முகப்பு. எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க. எழுத்தே கிடையாது, எல்லாம் படம். இது முட்டி, இது தோள், இது... இது கழுத்து. ஆமா, பாக்க பாட்டில் மாதிரிதான் இருக்கும், கழுத்துதான். இது சேமி. இது தேடு. இல்ல, இது சேமி, அதுதான் தேடு. பழகிடும். ரப்பர்பேண்டுக்கு மூணு வாரமாகியும் பழகல. நான் ஒரு நாள் வந்து பாக்கறேன், திரையைச் சுத்தி சின்னச் சின்னதாக் காகிதம் வெட்டி ஒட்டியிருக்காங்க, "இது சேமி", "இதைத் தொட்டால் போய்விடும்", "கழுத்து, பாட்டில் இல்லை". என் முகப்புக்குப் பொழிப்புரை எழுதி வெச்சிருக்காங்க. அத்தனையையும் பிச்சுப் போட்டேன். பசையெல்லாம் சுரண்டித் துடைச்சேன். ஒரு டிசைனுக்கு மரியாதை வேணாமா?

சரி, விஷயத்துக்கு வர்றேன். டேட்டாபேஸ்னு கேள்விப்பட்டிருப்பீங்க. உடனே எங்கயோ பெரிய ரூம்ல, ஏசி போட்டு, வரிசையா மெஷின் நிக்கும்னு நினைப்பீங்க. இது அது இல்ல. இது புரோகிராமுக்குள்ளயே குடியிருக்கும். தனியா மெஷின் வேணாம், காவலுக்கு ஆள் வேணாம், ஒரே ஒரு ஃபைல், அவ்வளவுதான். உங்க போன்லயே இந்த மாதிரி இருவது முப்பது ஓடிக்கிட்டிருக்கும், உங்களுக்கே தெரியாது. சாதுவான ஜீவன். ரொம்ப சாது, அதுதான் பிரச்சினை. எதைக் குடுத்தாலும் வாங்கி வெச்சுக்கும். வயசுன்னு ஒரு கட்டம் வெச்சிருந்தேன். ரப்பர்பேண்டு அதுல "இடது தோள்"னு அடிச்சிருக்காங்க. வேற டேட்டாபேஸா இருந்தா "என்னம்மா இது"ன்னு திருப்பி அனுப்பும். இது சரிங்கன்னு வாங்கி வெச்சுக்கிச்சு. அந்தப் பேஷன்ட்டுக்கு ஒரு மாசமா வயசு இடது தோள். கண்டிப்பா இருன்னு அதுகிட்ட சொல்லி வெக்கலாம், அதுக்கு வசதி இருக்கு. நான் சொல்லி வெக்கல. அது வேற கதை.

இந்த ஃபோல்டரைப் பாருங்க. மூணு ஃபைல் தெரியுதா? பெருசு ஒண்ணு, அதே பேர்ல வால் வெச்ச மாதிரி இன்னும் ரெண்டு. அந்த மூணாவதை விடுங்க, அது சும்மா எதெது எங்க இருக்குன்னு குறிச்சுக்கறது. பெருசை பெரிய நோட்டுன்னு வெச்சுக்குங்க. ரெண்டாவது சின்ன நோட்டு. நீங்க "முட்டி எழுவது"ன்னு அடிச்சு சேமின்னு சொன்னதும் டேட்டாபேஸ் நேரா பெரிய நோட்டைத் தொறக்காது. சட்டுனு சின்ன நோட்டுல எழுதிக்கும். நேரம் கெடைக்கும்போது சின்ன நோட்டுல இருக்கறதையெல்லாம் பெருசுல ஏத்தி வெக்கும். எதுக்குன்னா, வேகத்துக்கு. இந்த வசதி மொதல்ல இல்ல, ரெண்டாவது மாசம் நான்தான் போட்டேன். அப்புறம் ஒருத்தன் எங்கயோ எழுதியிருந்தான், அந்த ஏத்தி வெக்கற வேலையை நடுநடுவுல செய்யாதேன்னு சொல்லி வெச்சா இன்னும் வேகம்னு. அதையும் போட்டேன். எவ்வளவு மிச்சமாச்சுன்னா கேக்கறீங்க? கால் செகண்டு. ஒரு நாளைக்கு நாப்பது பேரு, பத்து செகண்டு. ஒரு வருஷத்துக்குப் போட்டுப் பாருங்க.

கரண்டு போயிட்டா என்ன ஆகுமா? நல்லாக் கேட்டீங்க. ஒண்ணும் ஆகாது. அதுதாங்க இதோட அழகே. சின்ன நோட்டு அங்கயே கிடக்கும். மறுபடி புரோகிராமைத் தொறந்ததும் டேட்டாபேஸ் மொதல்ல அதைத்தான் பாக்கும், "ஓ, இதெல்லாம் ஏத்தாம விட்டுப்போச்சே"ன்னு தானா ஏத்திக்கும். நடுவுல கரண்டு போகட்டும், பிளக்கைப் புடுங்கட்டும், ஆள் இடிச்சுத் தள்ளட்டும். லிஃப்ட்டுல நாங்க எத்தனை தடவை புடுங்கிப் பாத்திருக்கோம்.

இப்ப ஸ்விட்ச் கதைக்கு வர்றேன். ஒரு சனிக்கெழமை மத்தியானம். அக்கா கெளம்பிப் போயிட்டா. ரப்பர்பேண்டு மட்டும் பூட்டறதுக்காக இருந்திருக்காங்க. இந்தக் கம்ப்யூட்டர் பிளக்குலேர்ந்து தீஞ்ச வாடை வருதாம். தொட்டுப் பாத்தாங்களாம், சுட்டுதாம். டக்குனு செவத்து ஸ்விட்ச்சை அணைச்சுட்டாங்க. புரோகிராமை மூடல, கம்ப்யூட்டரை முறையா நிறுத்தல, நேரா ஸ்விட்ச்சு. அதுக்கு முன்ன பத்தொம்போது நாளா அந்தக் கம்ப்யூட்டரை அணைக்கவே இல்ல, தொறக்க லேட்டாகுதுன்னு நான்தான் அணைக்காதீங்கன்னு சொல்லியிருந்தேன். எலக்ட்ரீஷியன் ஞாயித்துக்கெழமை வந்து பிளக்கை மாத்திட்டுப் போனார். திங்கக்கெழமை காலைல தொறந்தா... பத்தொம்போது நாள் இல்ல. ஒரு முட்டி இல்ல, ஒரு தோள் இல்ல. எல்லாரும் மூணு வாரத்துக்கு முன்ன இருந்த மாதிரியே இருக்காங்க. புதுசா சேந்தவங்க ஆளே இல்ல.

ஒரு கொத்தனார் வர்றார், இன்னைக்கும் வருவார், பாப்பீங்க. சாரத்துலேர்ந்து விழுந்து தோள்பட்டை போச்சு. அவர் சேந்ததே அந்தப் பத்தொம்போது நாளுக்குள்ள. திங்கக்கெழமை அக்கா அளந்தா, எழுவது டிகிரி தூக்கறார். அவர் கேக்கறார், "மொத நாள் எவ்வளவும்மா இருந்துச்சு?" அக்காவுக்குச் சொல்லத் தெரியல. தினம் நாப்பது பேரை அளக்கறவ எப்படி ஞாபகம் வெச்சிருப்பா. அவரோட மேஸ்திரி, நீ தேறி வர்றேன்னு டாக்டரம்மாகிட்ட எழுதி வாங்கிட்டு வா, வேலையை உனக்கே வெச்சிருக்கேன்னு சொல்லியிருக்கானாம். வெறும் எழுவதைக் காட்டினா அது ஏத்தமா எறக்கமா, யாருக்குத் தெரியும்? "அப்ப நான் தேறலையா"ன்னு கேட்டார் பாருங்க, அக்கா உள்ள போயிட்டா. ஒரு மணி நேரம் கழிச்சு வெளிய வந்து ரப்பர்பேண்டுகிட்ட, நாளைலேர்ந்து வர வேணாம்னுட்டா.

அவங்க பேனாவையெல்லாம் டப்பால போட்டாங்க, ஸ்டேப்ளரை அது இருந்த எடத்துல வெச்சாங்க, போயிட்டாங்க. நான் அப்ப அந்த எலும்புக்கூடு பக்கத்துலதான் நின்னுக்கிட்டிருந்தேன். அக்கா என்னைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தா. "முறையா மூடாம ஸ்விட்ச்சை அணைச்சா போகத்தான் செய்யும்"னு நான் சொன்னேன். பொதுவாத்தான் சொன்னேன். யாரையும் பாத்துச் சொல்லல.

என்ன? ...ஆமா, இப்பத்தான் சொன்னேன், பிளக்கைப் புடுங்கினாலும் ஒண்ணும் ஆகாதுன்னு. சின்ன நோட்டு கிடக்கும், தானா ஏத்திக்கும்னு... ஆமா, சொன்னேன். அப்ப எப்படிப் போச்சுன்னு கேக்கறீங்க. அந்தச் சின்ன நோட்டை யாரு தூக்கிப் போட்டதுன்னு... நீங்க முன்ன எங்க வேலை பாத்தீங்க? கூரியர் ஆபீஸ்லயா? அதான். காணாமப்போன பார்சலைத் தேடற மாதிரியே கேக்கறீங்க.

டெக்னிக்கலா அதுக்குப் பல காரணம் இருக்கும்ங்க. இருங்க, இதுக்குன்னு ஒரு எடம் இருக்கு, இன்டர்நெட்ல. இந்த டேட்டாபேஸை வெச்சு வேலை பாக்கற உலகத்து ஆளுங்கெல்லாம் அங்கதான் கூடிப் பேசுவாங்க. புதுசா என்ன வசதி வந்திருக்கு, எது மாட்டிக்குது, எப்படிச் சரி பண்றது, எல்லாம். யாருக்கும் பேர் கிடையாது, படம்தான். பூனை, பல்பு, பாதித் தலை. நான் அன்னைக்கு ராவே போட்டேன்... தலைப்பு என்ன தெரியுமா? "நம்பகம் நம்பகம்னு பீத்திக்கறீங்களே, என் பத்தொம்போது நாள் எங்க?" கொஞ்சம் சூடாத்தான் இருந்துச்சு. மொதல்ல வந்த பதில், "எங்களுக்கு அப்படி நடக்கல." நடக்கலைன்னா போயேன்யா, உன்னையா கேட்டேன். பூனைப்படம் வெச்சவன் ஒரு வார்த்தை பேசல, விளக்கப் புஸ்தகத்துக்கு ஒரு லிங்கைக் குடுத்துட்டுப் போயிட்டான். பதினோரு பக்கம். அப்புறம் ரெண்டு பேரு வந்தாங்க, என் கேள்வில ஒரு ஓரத்துல தேதின்னு ஒரு கட்டம் இருந்ததைப் பாத்துட்டாங்க. தேதியை எழுத்தா வெக்கறதா, எண்ணா வெக்கறதா... முப்பத்திரெண்டு பதில். "நீ இன்னும் தேதியை எழுத்தாவா வெச்சிருக்கே"ன்னு ஒருத்தன் கேட்டான் பாருங்க, அந்தத் தொனில நான் என் விரோதியைக்கூடக் கேக்க மாட்டேன். என் பத்தொம்போது நாள் அங்க யாருக்கும் ஞாபகமே இல்ல.

கரடிப்படம் வெச்ச ஒருத்தர் மட்டும் மரியாதையா வந்தார். மரியாதைன்னா, எரிச்சல் வர்ற மரியாதை. "வணக்கம். உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். அந்த ஃபோல்டரில் இருக்கும் ஃபைல்களை வேறு ஏதாவது தொடுகிறதா?" இதுதான் கேள்வி. நான் இல்லைன்னு போட்டேன். "நிச்சயமாக?"ன்னு திருப்பிக் கேட்டார். எனக்குச் சுருக்குனு வந்துச்சு. பன்னெண்டு வருஷ அனுபவம், லிஃப்ட்டு, எத்தனை மாடின்னு எல்லாம் சேத்து ஒரு பெரிய பதில் எழுதினேன். அவர் அதுக்கு எழுதறார், "நன்றி. தொடுகிறதா?"

நீங்களும் அதையேதான் கேக்கறீங்கன்னு தெரியுது. ரெண்டாவது தடவை. பாக்கறீங்க பாருங்க, அந்தப் பார்வையே கரடி மாதிரிதான் இருக்கு. தப்பா நினைக்காதீங்க.

இல்ல, ஒண்ணு சொல்றேன். ரப்பர்பேண்டு மேல குறையே இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். புரோகிராம் வந்த அப்புறம் சீட்டு எழுதாதீங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். அவங்க எனக்குத் தெரியாம எழுதியிருக்காங்க. கம்ப்யூட்டர்லயும் அடிச்சுட்டு, சீட்டுலயும் எழுதி, ரப்பர்பேண்டு போட்டு, அந்தக் கடைசி டிராயர்ல, துணிக்கு அடில. அந்த சனிக்கெழமைக்கு ரெண்டு நாள் முன்ன நான் வந்தேன். டிராயர் மூட மாட்டேங்குது, என்னடான்னு பாத்தா சீட்டு. பதினேழு நாள் சீட்டு. எனக்கு வந்த கோவம் இருக்கே. நான் எட்டு வாரம் உக்காந்து எழுதினதுமேல இவங்களுக்கு நம்பிக்கை இல்லைங்கறதுதானே அதுக்கு அர்த்தம்? அத்தனையையும் அள்ளி, பழைய பேப்பர் மூட்டைல போட்டு, நானே கீழ கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்தேன். "இருக்கட்டும் சார், ஒரு மாசம் மட்டும் இருக்கட்டும்"னாங்க. நான் கேக்கல. அந்த மூட்டைலதான் கொத்தனாரோட மொத நாளும் போச்சு.

ஆமா. அதையும் நான்தான். அதுக்கென்ன இப்ப? சுத்தமா இருக்கணும்னு நினைக்கறது ஒரு குத்தமா? எங்க வீட்டுல யாராவது ஒருத்தர் அப்படி இருந்தாத்தானே. அக்கா செருப்பை ஜோடியா விட்டு நான் பாத்ததில்ல. மாமா பேப்பர் படிச்சா அது நாலு ரூம்லயும் நாலு பக்கமா கிடக்கும். வளந்த வீட்டுல எல்லாரும் போட்டுட்டுப் போனதை அதது எடத்துல எடுத்து வெக்கறவன் நான் ஒருத்தன்தான். கம்ப்யூட்டர்லயும் அப்படித்தான். ஒரு ஃபோல்டர்ல எனக்குத் தெரியாத ஃபைல் ஒண்ணு கிடந்தாக்கூட எனக்குத் தூக்கம் வராது. சாப்பாடு எறங்காது. யாரோ என் மேஜைல வந்து காலை நீட்டி உக்காந்திருக்கற மாதிரி இருக்கும்...

மூணாவது தடவை கேக்கறீங்க. சரி. சொல்ல வேணாம், காட்டறேன். இந்தப் பக்கம் நகந்து உக்காருங்க. இதுதான் உள்ள இருக்கற எழுத்து, இது பழைய பிரதி. இதோ, இந்த எட்டு வரி. இதுக்கு நான் வெச்ச பேரு "பெருக்கு". பெருக்கறதுன்னா துடைப்பம் வெச்சு. புரோகிராம் தொறந்ததும் மொத வேலை இதுதான். ஃபோல்டர்ல பெரிய நோட்டைத் தவிர வேற என்ன இருந்தாலும் அழிச்சுடும். "தேவையில்லாத ஃபைல்"னு மேலயே குறிச்சு வெச்சிருக்கேன் பாருங்க. மொத வாரமே எழுதிட்டேன். அப்ப சின்ன நோட்டே கிடையாது. அந்த வசதியை ரெண்டாவது மாசம் போட்டேன்னு சொன்னேனில்ல, போடும்போது இந்த எட்டு வரி எனக்கு ஞாபகம் வரல. கம்ப்யூட்டரை முறையா மூடினா டேட்டாபேஸே எல்லாத்தையும் ஏத்திட்டு சின்ன நோட்டைத் தானா எடுத்துடும், அதனால ஒரு நாளும் ஒண்ணும் தெரியல. அந்தத் திங்கக்கெழமை டேட்டாபேஸ் வந்து பாக்கறதுக்கு முன்னாடி என் துடைப்பம் வந்துடுச்சு. பத்தொம்போது நாளையும் கூட்டி வெளிய தள்ளிடுச்சு. டேட்டாபேஸ் மேல ஒரு தப்பும் இல்ல. அது தங்கம்.

எப்பத் தெரியும்னா... புதன்கெழமை. அவங்க போன ரெண்டாவது நாள். கரடி "தொடுகிறதா?"ன்னு கேட்டதுக்கு, இல்லைன்னு நிரூபிக்கத்தான் தொறந்து பாத்தேன். பாத்ததும் அந்த எட்டு வரியையும் எடுத்துட்டேன். நடுவுல ஏத்தி வெக்கற வேலையையும் பழையபடி போட்டுட்டேன். அப்புறம் கரடிக்குப் பதில் எழுதணுமே. எழுதினேன். "சரியாயிடுச்சு, நன்றி." அவ்வளவுதான். என்ன தப்பு, எப்படிச் சரியாச்சு, ஒண்ணும் எழுதல. எங்க ஆளுங்கள்ல இதைவிடக் கேவலம் கிடையாதுங்க. பின்னாடி இதே தப்புல மாட்டினவன் எவனாவது தேடிக்கிட்டு அங்க வருவான், "சரியாயிடுச்சு"ன்னு பாத்துட்டுத் தலைல அடிச்சுக்குவான். நானே எத்தனை பேரை இதுக்காகத் திட்டியிருக்கேன். கரடி அதுக்கும் "மகிழ்ச்சி"ன்னு போட்டார்.

இப்பவா? இப்ப நூறு தடவை ஸ்விட்ச்சை அணைச்சாலும் ஒண்ணும் ஆகாது. வேணும்னா அணைச்சுப் பாருங்க.

...டேப்பா. டேப்பு எதுக்குன்னா... ஒரு காரணம் இருக்கணுமில்லீங்க. அக்கா தினம் வந்து பாக்கறா. "அவங்க இதை அணைச்சதாலதான்"னு அவளுக்கு ஒரு இது இருக்கு. டேப் இருந்தா அது அப்படியே இருக்கும். சொல்லக்கூடாதுன்னு இல்ல. சொல்லலாம்னுதான் போன வாரம் வந்தேன். வந்தா அதுக்குள்ள ஆள் தேவைன்னு போட்டுட்டேன்னுட்டா. உங்க பேரு வந்துடுச்சுன்னுட்டா. அதுக்கு அப்புறம் சொன்னா உங்க வேலைல மண்ணள்ளிப் போட்ட மாதிரி ஆகாதா? உங்களையும் நினைச்சுத்தான்.

என்னங்க, பையை எதுக்கு எடுக்கறீங்க? உக்காருங்க. ...இல்ல, இல்ல, நாளைக்கு ஏதாவது காணாமப்போனா உங்களைச் சொல்ல மாட்டேன். சத்தியமா. ...ஆமா, அவங்ககிட்டயும் பொதுவாத்தான் சொன்னேன். ...ஆமா, அதுதான் நடந்துச்சு. நீங்க சொல்றது சரி. இந்த நாற்காலில யார் உக்காந்தாலும் அவங்கதான் மாட்டுவாங்க. ஆனா நீங்களும் மொத நாளே எழுந்து போயிட்டா, ஏன் போனாங்கன்னு அக்கா என்னைக் கேப்பா, நான் என்ன சொல்றது? கூரியர் ஆபீஸுக்கே திரும்பப் போறாங்கன்னா? மொத நாள் காலைலயே வந்து உக்காந்திருக்கீங்க, உங்களுக்கும் இந்த வேலை வேணும்னுதானே. கொஞ்சம் பொறுமையா...

போனை எதுக்கு என் பக்கம் தள்ளறீங்க? ...அவங்க நம்பர் இந்தப் பட்டியல்லயே இருக்கு, மொத பேரே அவங்கதான். இப்பவா? இப்பவேவா? சாயங்காலம் நிதானமா... சரி. சரிங்க, பண்றேன். நீங்க மட்டும் உக்காருங்க. நின்னுக்கிட்டே இருந்தா எனக்கு நம்பர் அமுக்க வர மாட்டேங்குது.

...ஹலோ. வணக்கம்ங்க. நான்தான், டாக்டரம்மாவோட தம்பி. ...ஆமா. நல்லா இருக்கீங்களா? வீட்டுல எல்லாரும்... சரி சரி. ஒண்ணுமில்ல, அந்த டேட்டாபேஸ் விஷயமா. அதுல பாத்தீங்கன்னா, ஒரு சின்ன நோட்டுன்னு வெச்சுக்குங்க, அது பெரிய நோட்டுல... இல்லங்க, வெச்சுடாதீங்க. வெச்சுடாதீங்க. சொல்லிடறேன். அழிச்சது என் புரோகிராம். நான் எழுதின எட்டு வரி. நீங்க ஸ்விட்ச்சை அணைச்சது சரிதான். அணைக்கலைன்னா எடமே எரிஞ்சிருக்கும். சீட்டை நீங்க வெச்சிருந்ததும் சரி. ...ஹலோ? கேக்குதா? ...பன்னெண்டு நாள் ஆச்சுங்க தெரிஞ்சு. ...ஆமா, பன்னெண்டு நாள். ...ம். ...ம். ...சரிங்க.

வெச்சுட்டாங்க.

திட்டல. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும், நானும் ரெண்டு வார்த்தை பேசியிருப்பேன். "நான் அழிக்கலைன்னு எனக்குத்தான் அன்னைக்கே தெரியுமே, என்கிட்ட எதுக்கு சார் சொல்றீங்க? தெரியாதவங்ககிட்ட சொல்லுங்க"ன்னாங்க. பதினோரு வருஷம் சாவியைக் கையில வெச்சிருந்தவங்களை ஒரே நாள்ல நம்பாம போயிட்டாங்களேன்னாங்க. அதுதான் தூங்க விடலையாம். அக்காவைச் சொல்றாங்க. என்னைப்பத்தி ஒண்ணுமே சொல்லல.

தண்ணி இருக்கா? ...வேணாம், இருக்கட்டும். அக்கா கதவு தொறந்துதான் இருக்கு. அவ வந்து பத்து நிமிஷம் ஆச்சு, பின்வாசல் வழியா வந்திருப்பா, ஒத்தடத்துக்கு மெழுகு உருக்கற தொட்டிச் சத்தம் கேக்குதே. நீங்க பையைக் கீழ வைங்க. அவங்க திரும்பி வந்தா உங்களுக்கு என்னன்னு இப்பக் கேக்காதீங்க, எனக்குத் தெரியல. கொத்தனார் பத்து மணிக்கு வந்துடுவார். வந்தா உக்காரச் சொல்லுங்க, நான் இங்கதான் இருப்பேன், அவருக்கு நானே சொல்றேன். மேஸ்திரி நம்பர் மட்டும் அவர்கிட்ட கேட்டு ஒரு சீட்டுல எழுதி வைங்க. சீட்டுலதான்.

அக்கா. உள்ள வரலாமா? ...சொல்லிக் குடுத்துட்டேன், அவங்க நல்லாவே புரிஞ்சுக்கிட்டாங்க. ...ஆமாக்கா, அந்தப் பத்தொம்போது நாள் விஷயமாத்தான். எதனால போச்சுன்னு தெரிஞ்சுடுச்சு. ...ஸ்விட்ச் இல்ல. ...இல்லக்கா, டேட்டாபேஸும் இல்ல. நான்.